குளிர்காலத்தில் மலையேற ஆள் தேடியவள்

சூதாபே முதன்முதலாக என் கடைக்குள் வந்து பனிக்கோடாரியைக் கையில் எடுத்தபோது, அதைக் குடையைப் பிடிப்பதுபோல் பிடித்தாள். கூர்முனை அவள் வயிற்றைப் பார்த்தபடி இருந்தது. நான் அதை வாங்கி, முனை வெளிப்பக்கம் இருக்கும்படி திருப்பிக் கையில் கொடுத்தேன்.

"யாரோட போறீங்க, கானும்?" பெண்களை மரியாதையாக நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்.

"இன்னும் யாரும் கிடைக்கல."

"அப்ப இது எதுக்கு?"

"ஆள் கிடைக்கும்போது கையில இருக்கணும்ல."

நகரின் வடக்கு ஓரத்தில், தஜ்ரீஷ் சதுக்கத்திலிருந்து மலையடிவாரத் தர்பந்துக்கு ஏறும் சாலையில், மலையேறுகிறவர்களுக்கான சாமான்கள் விற்கும் கடை என்னுடையது. கோடையில் கூட்டம் நெருக்கும். பனி விழுந்துவிட்டால் வருகிறவர்கள் சிலர்தான். யாருக்காவது மேலே ஏதாவது ஆகிவிட்டால் தேடப் போகிற தன்னார்வக் குழுவிலும் நான் இருந்தேன். அதனால் கோடாரியை விற்கும் முன் நாலு கேள்வி கேட்பது என் வழக்கம்.

அவளுக்கு அப்போது முப்பத்து நாலு வயது. நகரின் தெற்கே ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. காலையிலிருந்து வருகிறவர்கள் கையில் ஊசி குத்தி ரத்தம் எடுப்பாள். "நாள் முழுக்க ஜனங்க என் எதிர்ல உக்காந்துக்கிட்டு முகத்தைத் திருப்பிக்கிறாங்க" என்று சொல்லிச் சிரிப்பாள். ஒரு கல்யாணம் ஆகி, சீக்கிரமே முடிந்தும் போயிருந்தது. அம்மாவோடு இருந்தாள். வெள்ளிக்கிழமைகளில் ஊரே நடப்பதுபோல அவளும் மலைப்பாதையில் ஷீர்பலா குடில் வரை நடந்துவிட்டு, ஒரு கிண்ணம் சூடான ஆஷ் கஞ்சி குடித்துவிட்டு இறங்கிவிடுவாள்.

ஒரு வெள்ளிக்கிழமை அந்தக் குடிலில் அவள் உட்கார்ந்திருந்தபோது, மேலேயிருந்து இரண்டு பெண்கள் இறங்கி உள்ளே வந்தார்கள். இமைகளில் பனி உறைந்திருந்தது. உதடு வெடித்திருந்தது. நின்றபடியே சாப்பிட்டார்கள்; எதற்கோ விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவ்வளவுதான். "அவங்க எங்கேர்ந்து வந்தாங்களோ அந்த இடத்தைப் பாக்கணும்னு தோணிச்சு" என்றாள் என்னிடம். வேறு காரணம் எதையும் அவள் சொல்லிக் கேட்டதில்லை.

முதலில் ஒரு மலையேற்றச் சங்கத்துக்குப் போனாள். மேசைக்குப் பின்னால் இருந்தவர் கேட்டார்:

"பனியில ஏறின அனுபவம் இருக்கா?"

"இல்ல. அதுக்குத்தானே வந்திருக்கேன்."

"அனுபவம் இல்லாதவங்களக் குழுவுல சேக்க மாட்டோம்."

"குழுவுல சேராம அனுபவம் எப்படி வரும்?"

"அது எங்க தலைவலி இல்ல, கானும்."

அடுத்து நாலு ஆண்கள் அவளைக் கூட்டிக்கொண்டு போனார்கள். முதல் பனிச்சரிவு வந்ததும், "இங்க நல்ல வெயில் அடிக்குது, நீங்க உக்காருங்க" என்று விட்டுவிட்டு மேலே போய்விட்டார்கள். பிற்பகலில் இறங்கிவந்து, "டீ போட்டு வெச்சிருக்கீங்களா?" என்று கேட்டார்கள். அவள் போட்டு வைக்கவில்லை. அந்தச் சிநேகமும் அதோடு முடிந்தது.

கடைசியில் என் கடைக் கண்ணாடியில் ஒரு தாளை ஒட்டினாள். அங்கே எப்போதும் அப்படிப் பத்துப் பதினைந்து தாள்கள் ஒட்டியிருக்கும். அவளுடையதில், 'குளிர்காலத்தில் மலையேறத் துணை வேண்டும். அனுபவம் இல்லை. மெதுவாக நடப்பேன். புலம்ப மாட்டேன்' என்று எழுதியிருந்தது.

நிறைய ஆண்கள் கூப்பிட்டார்கள். "ஒருத்தனுக்கும் மலை வேண்டியதில்ல, நோஸர் ஆகா" என்றாள் என்னிடம். ஆண்களை மரியாதையாகக் கூப்பிடுவது ஆகா. தாளில் எழுதியிருந்த கைபேசி எண்ணையே மாற்றிவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் தராவத் கூப்பிட்டாள்.

தராவத் பெண்களுக்குக் கார் ஓட்டச் சொல்லித்தருகிறவள். சூதாபேயைவிட ஐந்தாறு வயது இளையவள், குள்ளம், குரல் மட்டும் பெரிசு. மலைப்பாதை தொடங்கும் சர்பந்தில், அங்கே நிற்கும் மலையேறுபவர் சிலையின் அடியில் இருவரும் சந்தித்துக்கொண்டார்கள்.

"நீதானா அந்தப் புலம்பாதவ? நான் ரொம்பப் புலம்புவேன். இப்பவே சொல்லிட்டேன், அப்புறம் கோவிச்சுக்கக் கூடாது."

"சரி."

"என்ன சரி? கொஞ்சம் யோசிச்சாவது சொல்லேன்டி!"

அந்தக் குளிர்காலம் முழுவதும் ஒரு சின்னச் சரிவிலேயே இருவரும் விழுந்து விழுந்து பழகினார்கள். வேண்டுமென்றே சறுக்கி, கோடாரியைப் பனியில் ஊன்றி நிற்கவேண்டும். அதுதான் முதல் பாடம். எல்லாரும் அதில்தான் தொடங்குகிறோம். சூதாபே சறுக்கும்போதெல்லாம் தராவத் கீழேயிருந்து கத்துவாள்: "பிரேக்கு! பிரேக்க மிதிடீ! ஐயோ, கியர மாத்தறாளே!" போகிற வருகிறவர்கள் நின்று சிரித்துவிட்டுப் போவார்கள். கணுக்கால் வீக்கத்தோடும் நீலம் பாய்ந்த முழங்கையோடும் இருவரும் என் கடைக்கு வந்து, அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கற்கண்டைக் கடித்துக்கொண்டு டீ குடிப்பார்கள். அடுத்த ஆண்டு அதே சங்கம் அவர்களைப் பயிற்சியில் சேர்த்துக்கொண்டது. கயிறு கட்டவும், பூட்ஸின் அடியில் இரும்பு முட்களை மாட்டிக்கொண்டு உறைபனியில் நடக்கவும், பனியைத் தோண்டி ஒதுங்கிடம் செய்யவும் கற்றுக்கொண்டார்கள்.

பெரிய சிகரங்களுக்கு இரண்டு பேர் போதாது. மூன்றாவதாகப் பெஹ்ரங் வந்தான். அடுக்குமாடிகளில் லிஃப்ட் பழுது பார்ப்பவன். ஊர் வடக்கே, கடல் பக்கம். யாரும் கேட்காமலே கயிற்றைத் தன் பையில் வைத்துக்கொள்வான். தானாக வாய் திறக்க மாட்டான். "இவனும் லிஃப்ட் மாதிரிதான், பட்டன அமுக்கினாத்தான் அசைவான்" என்று தராவத் அவன் தோளில் விரலால் குத்துவாள். அவன் முகம் சிவந்துபோய்ச் சிரிப்பான். மூவரும் சேர்ந்து அந்தக் குளிர்காலத்தில் மூன்று நாலு மலைகள் ஏறினார்கள். அவர்களைப் பார்த்து எனக்குப் பொறாமையாக இருந்தது என்றுகூடச் சொல்லலாம். ஒருவர் நடையும் இன்னொருவர் நடையும் ஒத்துப்போவது லேசில் நடக்கிற காரியமில்லை.

குளிர் உச்சத்தில் இருக்கும் பஹ்மன் மாதத்தில் சியாஹ் கர்தன் சிகரத்துக்குப் போனார்கள். அடியில் ஆட்டிடையர்கள் கட்டிவைத்த கல் குடிசையில் இரவு தங்கி, தூங்கும் பைகளையும் அடுப்பையும் அங்கேயே விட்டுவிட்டு, விடிந்ததும் பாரமில்லாமல் ஏறினார்கள். எல்லாரும் அப்படித்தான் செய்வோம். வானமும் தெளிவாக இருந்தது. உச்சியில் பேரீச்சம்பழமும் அல்வாவும் தின்றார்கள், படம் எடுத்துக்கொண்டார்கள். மாலையில் வரவேண்டிய காற்று அவர்கள் இறங்கத் தொடங்கியபோதே வந்துவிட்டது.

கஷ்டமான பகுதியைத் தாண்டிக் கயிற்றை அவிழ்த்துச் சுருட்டிய பிறகுதான் அது நடந்தது. பெஹ்ரங் கடைசியாக வந்துகொண்டிருந்தான். ஒரு வீச்சுக் காற்று அவனைத் தூக்கி அடித்தது. அவன் இரண்டு பெண்களையும் தாண்டி, ஒரு சத்தமும் இல்லாமல் சறுக்கிக்கொண்டு போய், கீழே ஓடைப் பள்ளத்தில் இருந்த பாறையில் மோதி நின்றான். அவர்கள் போய்ச் சேர்ந்தபோது அவனுக்கு நினைவு இருந்தது. வலது தொடை எலும்பு முறிந்து, கால் இருக்கக்கூடாத பக்கமாகத் திரும்பிக் கிடந்தது.

அங்கே கைபேசி எடுக்காது. பனி கண்ணை மறைத்தது. இருவரும் கோடாரியாலும் அல்வா டப்பாவின் மூடியாலும் பாறைக்கு அடியில் பனியைக் குடைந்து, அவன் அலற அலற உள்ளே இழுத்துப் போட்டார்கள். ஒரு ஆள் படுக்கவும் இன்னொரு ஆள் குந்தவும் இடம் வந்தது. பிறகு சூதாபே அவன் கையுறையைக் கழற்றி நாடியைப் பிடித்தாள். தொடையைத் தொட்டுப் பார்த்தாள். அது வீங்கிக்கொண்டே போனது. அவள் வெளியே வந்து தராவத்தின் காதருகே குனிந்தாள்.

"ரெண்டு பேரும் இப்பவே இறங்கிடலாம்."

"இவன?"

"இவன் பொழைக்க மாட்டான். உள்ளுக்குள்ள ரத்தம் போயிட்டே இருக்கு. விடியறவரைக்கும் தாங்காது. நாமளும் இங்க இருந்தா மூணு பேரும் போயிடுவோம்."

"உனக்கு எப்படித் தெரியும்? நீ ரத்தம் எடுக்கிறவ. டாக்டரா?"

"தெரியும், தராவத்."

"கண்ணத் தொறந்து வெச்சுக்கிட்டுப் பாக்கறான்டி. கண்ணு தொறந்திருக்கிறவன விட்டுட்டு எப்படி வர்றது? நீ போ. போய் ஆளுங்களக் கூட்டிட்டு வா. நிக்காத, எனக்குக் குளிருது."

சூதாபே தன் இறகு அடைத்த குளிர்சட்டையைக் கழற்றிக் குழிக்குள் போட்டுவிட்டு இறங்கினாள்.

அடிவாரத்து ஊருக்கு அவள் எப்படி வந்து சேர்ந்தாள் என்பது அவளுக்கே சரியாக நினைவில்லை. முதல் வீட்டுக் கதவைத் தட்ட விரல்கள் மடங்கவில்லை, முழங்கையால் இடித்தாளாம். எங்களுக்குத் தகவல் வந்தது. ஹெலிகாப்டர் எழும்ப முடியவில்லை. நாங்கள் நடந்தே கல் குடிசை வரை போனோம். அதற்குமேல் காற்று விடவில்லை. சூதாபே எங்களோடு வந்தே தீருவேன் என்று நின்றாள். குடிசையில் அந்த மூன்று தூங்கும் பைகளும் சுருட்டியபடியே இருந்தன. ஒரு பையை விரித்துப் படுக்கச் சொன்னேன். அவள் அதைத் தொடவில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே கிடந்தாள். மறுநாளும் காற்று அப்படியே அடித்தது.

காற்று அடங்கிய பிறகுதான் ஏற முடிந்தது. குழியின் வாய் மூடியிருந்தது. மண்வெட்டியால் பனியை ஒதுக்கியபோது முதலில் ஒரு முதுகு தெரிந்தது. தராவத் வெளிப்பக்கம் முதுகு காட்டி, வாயிலை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். விறைத்துப்போயிருந்தாள். அவள் மேல் குளிர்சட்டை இல்லை. அவளைத் தூக்கி எடுத்த பிறகு உள்ளே பார்த்தோம். இரண்டு பெண்களின் குளிர்சட்டைகளும் சுற்றியிருந்த பெஹ்ரங் எங்களைப் பார்த்துக் கண்ணை இமைத்தான்.

"ஒருத்தருக்கு உயிர் இருக்கு!" என்று எங்கள் ஆள் ஒருவன் கத்தினான்.

கீழே நின்றிருந்த சூதாபே கேட்டாள்: "யாருக்கு?"

நான் சொன்னேன். அவள் ஏறி வந்து, அவன் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தாள். பார்த்துவிட்டுக் கையை மெதுவாகக் கீழே வைத்தாள்.

பெஹ்ரங்கின் காலை எடுத்துவிட்டார்கள். கைவிரல்களிலும் சில போயின. சூதாபே ஆஸ்பத்திரிக்குப் போனபோது நானும் கூட இருந்தேன்.

"அன்னிக்கு நீங்க ரெண்டு பேரும் பேசினது எனக்குக் கேட்டுச்சு, கானும்" என்றான்.

"கேட்டிருக்கும்னு நெனச்சேன்."

"நீங்க சொன்னதுல தப்பில்ல. நானும் செத்துடுவேன்னுதான் நெனச்சேன்."

"தப்புதான். நீ உயிரோட இருக்கியே."

அவன் கூரையைப் பார்த்தபடி சொன்னான்: "தராவத் கானும் பேசிட்டே இருந்தாங்க. தூங்கினா அடிச்சாங்க. மறுநாள் ஒரு நேரத்துல பேச்சு நின்னுபோச்சு. நான் கூப்பிட்டுப் பாத்தேன்." பிறகு, "இனிமே வராதீங்க. உங்களப் பாத்தா அந்தக் குழிக்குள்ள இருக்கிற மாதிரி இருக்கு" என்றான். கடல் பக்கம் தன் பெற்றோர் வீட்டுக்குப் போய்விட்டான். அதன்பின் எங்களில் யாரும் அவனைப் பார்க்கவில்லை.

நாற்பதாம் நாள் துக்கத்துக்குத் தராவத்தின் வீட்டில் பெண்கள் கூடியிருந்தார்கள். அவள் அம்மா சூதாபேயைக் கட்டிக்கொண்டு, "உதவிக்கு ஓடின மகளே, உன் கால் நல்லா இருக்கட்டும்" என்று அழுதாள். சூதாபேயால் அதைத் தாங்க முடியவில்லை. மலைமேல் தான் என்ன சொன்னாள் என்பதை அத்தனை பேர் முன்னாலும் சொல்லிவிட்டாள். அல்வாத் தட்டு கைமாறுவது நின்றது. அம்மாவுக்குச் சொன்னது பிடிபடவே கொஞ்ச நேரம் ஆயிற்று. தராவத்தின் அக்கா ஷஹ்லா எழுந்து வந்தாள்.

"உன் செருப்பு வாசல்ல இருக்கு" என்றாள்.

என் கடையிலும் அதே பேச்சுதான். அவள் செய்தது சரி என்று பாதிப் பேர், மகாபாவம் என்று பாதிப் பேர். ஒருவன் சாக்ஸ் வாங்க வந்த இடத்தில், "அவளோட எவன் போவான்? நாம விழுந்தா நாடியப் பிடிச்சுப் பாத்துட்டு டாட்டா காட்டிடுவா" என்றான். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். அலமாரிக்குப் பின்னால் சூதாபே நின்றிருந்ததை அவர்கள் பார்க்கவில்லை. அவள் வந்து, எடுத்த கையுறையை மேசையில் வைத்துவிட்டு வெளியே போனாள்.

அடுத்த குளிர்காலம் தொடங்கியதும் அவள் இன்னொரு தாளோடு வந்தாள். 'துணை வேண்டும். போன பஹ்மனில் சியாஹ் கர்தனில் இருவரை விட்டுவிட்டு இறங்கியது நான்தான். தெரிந்து வர விரும்புகிறவர்கள் கூப்பிடவும்.'

"இப்படி எழுதினா எவன் வருவான், சூதாபே ஜான்?" என்றேன்.

"எழுதலன்னா பாதி மலைல தெரிஞ்சுக்குவாங்க. கீழயே தெரிஞ்சா ஏறாமலாவது இருக்கலாம்ல."

"விட்டுத் தொலையேன். வீட்ல இரேன் கொஞ்ச காலம்."

"வீட்ல இருந்தா அந்தக் குழி இன்னும் பெருசாத் தெரியுது."

யாரும் கூப்பிடவில்லை. தாளின் ஓரம் சுருண்டு மஞ்சளானது. வெள்ளிக்கிழமைகளில் அவள் தனியாகக் குடில் வரை நடந்துவிட்டு வந்தாள். பாதையில் எதிர்ப்படுகிறவர்கள் எல்லாரும் எல்லாருக்கும் சொல்கிற 'களைக்காம இருங்க' என்ற வாழ்த்தைக்கூட, அவளை அடையாளம் தெரிந்தவர்கள் முழுங்கிக்கொண்டார்கள்.

பனிக்காலம் பாதி கழிந்தபோது ஷஹ்லா என் கடைக்கு வந்தாள். மணப்பெண்களுக்கு அலங்காரம் செய்கிறவள், நாற்பத்தைந்து வயது. சேறும் பனியும் கலந்த தெருவில் குதிகால் செருப்போடு நின்று சிகரெட்டை அணைத்துவிட்டு உள்ளே வந்து, கண்ணாடியில் இருந்த சூதாபேயின் தாளைக் காட்டினாள்.

"இதை எழுதினவகிட்ட என்னைப் பேச வைங்க. எனக்கு அந்த எடத்தப் பாக்கணும்."

"வெயில் காலத்துல போங்க, கானும். நல்ல பாதை இருக்கு, பயமில்ல."

"வெயில் காலத்துல என்ன இருக்கும்? கல்லு இருக்கும். தராவத் கடைசியா பாத்த மாதிரி பாக்கணும்."

அப்படித்தான் சூதாபேக்கு அடுத்த துணை கிடைத்தது. ஷஹ்லாவுக்குப் பத்து அடிக்கு ஒருமுறை மூச்சு வாங்கியது. அந்த மீதிக் குளிர்காலமும் அடுத்த குளிர்காலத்தின் தொடக்கமும் பழகுவதிலேயே போயின. சறுக்கி நிற்பது, முட்களோடு நடப்பது என்று எல்லாம் முதலிலிருந்து. சூதாபே சொல்வாள், ஷஹ்லா செய்வாள். இருவருக்கும் இடையே வேறு பேச்சே கிடையாது, வசவைத் தவிர.

"என் தங்கச்சியையும் இப்படித்தான் இழுத்துட்டுப் போனியா?" என்று ஒருநாள் பனியில் குப்புற விழுந்து கிடந்தபடியே கேட்டாள் ஷஹ்லா.

"இல்ல. அவதான் என்னை இழுத்துட்டுப் போனா."

"கோடாரிய எடு. கைய நீட்டாத, நானே எந்திரிச்சிக்கறேன்."

சியாஹ் கர்தனுக்குப் போக மூன்றாவது ஆள் வேண்டியிருந்தது. நான் போனேன். நல்ல நாளாகப் பார்த்துப் போனோம். ஓடையில் அந்தப் பாறையைத் தவிர ஒன்றும் இல்லை. காற்று எல்லாவற்றையும் மெழுகிவிட்டிருந்தது. சூதாபே கோடாரியால் ஓரிடத்தைத் தட்டிக் காட்டினாள். ஷஹ்லா பையிலிருந்து மண்வெட்டியை எடுத்தாள். நான் உதவப் போனேன்.

"நீங்க தள்ளி நில்லுங்க, நோஸர் ஆகா."

தானே தோண்டினாள். வெகுநேரம் தோண்டினாள். பிறகு உள்ளே போய், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். அந்த வாயிலை அவள் முதுகு சரியாக அடைத்தது. நான் வேறு பக்கம் பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் முகட்டில் பனித்தூள் பறக்கத் தொடங்கியது.

"கிளம்பணும்" என்றேன்.

உள்ளேயிருந்து ஷஹ்லாவின் குரல் வந்தது. "நான் வரலன்னு சொன்னா நீ என்ன பண்ணுவே?"

கேள்வி எனக்கில்லை. சூதாபே பதில் சொன்னாள்: "வாங்கன்னு கேப்பேன். வரலன்னா நோஸர் ஆகாவக் கூட்டிட்டு இறங்கிடுவேன்."

"அவகிட்ட எத்தன தடவ கேட்டே?"

"ஒரு தடவதான்."

"ரெண்டு தடவ கேட்டிருக்கலாம்" என்றாள் ஷஹ்லா.

"ஆமா" என்றாள் சூதாபே. "கேட்டிருக்கலாம்."

ஷஹ்லா பின்பக்கமாகவே ஊர்ந்து வெளியே வந்தாள். முகம் நனைந்திருந்தது. இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. கயிற்றை நான்தான் எடுத்தேன். மூவரையும் சேர்த்துக் கட்டி, ஓடை முடிந்து சமநிலம் வரும்வரை அவிழ்க்காமலே இறங்கினோம்.

அதோடு முடியும் என்று நினைத்தேன். முடியவில்லை. இது அவர்களுக்கு நாலாவது குளிர்காலம். இருவரும்தான் போகிறார்கள். ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போவதில்லை. நவ்ரூஸ் புத்தாண்டுக்குக்கூட வாழ்த்துச் சொல்லிக்கொள்வதில்லை. குடிலில் ஆளுக்கொரு பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். சூதாபேயை மன்னித்துவிட்டீர்களா என்று ஒருமுறை ஷஹ்லாவிடம் கேட்டேன். "மன்னிப்பாவது, மண்ணாவது! எனக்கு மேல போகணும், அவளுக்கு வழி தெரியும். வேற யாரு இருக்கா?" என்றாள்.

ஷஹ்லாவின் அம்மாவுக்கு இது தெரியாது. வெள்ளிக்கிழமைகளில் பக்கத்து நகரமான கரஜில் ஒரு மணப்பெண்ணுக்கு அலங்காரம் என்று சொல்லிவிட்டு மலைக்கு வருகிறாள், இறங்கியதும் பூட்ஸை என் கடையில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போகிறாள். கரஜில் இந்தக் குளிரிலும் இத்தனை கல்யாணமா என்று அந்த அம்மா அக்கம்பக்கத்தில் ஆச்சரியப்பட்டுக்கொண்டிருக்கிறாளாம்.